ஐயரும் பாதரும் மௌலவியும் அரசியல் பேசலாமா?

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். போன பொதுத் தேர்தல் நேரம் அவருடைய ஊர்க் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்த கையோடு ஒலிபெருக்கியில் ஒரு வேட்பாளரின் பெயரையும் விருப்பு இலக்கத்தையும் சொன்னார்களாம். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு வந்தாராம், ஒன்றும் சொல்லவில்லையாம். ஆனால் மயிலத்தமடு மேய்ச்சல் தரைப் பிரச்சினைக்காகக் குருக்களும் பாதர்மாரும் போனதை டிவியில் கண்டதும், "இவங்களுக்கு ஏன் அரசியல்? கோயிலைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமே" என்று ஏசினாராம். "எது சரி அண்ணா? மதத் தலைவர்கள் அரசியல் பேசலாமா, கூடாதா?" இதுதான் கேள்வி.

பேச வேண்டும் என்பது என் பதில். ஆனால் அப்பா எதைக் கேட்டுப் பேசாமல் இருந்தாரோ அதைப் பேசக் கூடாது. எதற்கு ஏசினாரோ அதைத்தான் பேச வேண்டும். தங்கை, இதைச் சும்மா சொல்லவில்லை. சில வருடங்கள் ஒரு சர்வமதக் குழுவில் கூட்டக் குறிப்பு எழுதுகிற வேலை பார்த்தவன் நான். அதற்கும் முந்திய காரணம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதை முதலில் சொல்லி விடுகிறேன்.

என் ஊர் ஆரையம்பதி. காத்தான்குடிக்கு அடுத்த ஊர். பாங்கு சொன்னால் எங்கள் வீட்டு அடுப்படியில் கேட்கும். 1990இல் எனக்குப் பதினைந்து வயது. அந்த ஒக்டோபரில் ஒரு சுற்றிவளைப்பில் அண்ணனைக் கொண்டு போனார்கள். நாங்கள் அப்போது நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தோம். அம்மா போகாத இடமில்லை. முகாம் வாசலில் நின்றார், கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நின்றார். எங்கும் பெயரைக் கூட எழுதி எடுக்கவில்லை. கடைசியில் யாரோ சொல்லி ஒரு பாதரிடம் போனோம். நெற்றியில் திருநீற்றோடு அம்மா ஒரு வாங்கில் இருக்கிறார். எங்களுக்கு முன்னால் பத்துப் பதினைந்து தாய்மார். பாதர் நீல மட்டை போட்ட சி.ஆர். கொப்பி ஒன்றை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், எத்தனை மணிக்கு, எந்தச் சந்தியில். அப்புறம் தலையை நிமிர்த்தி, "சேட் என்ன நிறம் அம்மா?" என்று கேட்டார். அம்மா அதுவரைக்கும் அழவில்லை. "வெள்ளையில நீலக் கோடு" என்று சொல்லும்போதுதான் அழுதார். பாதர் எழுதினதைத் திருப்பி வாசித்துக் காட்டினார், பிழை இருக்கிறதா என்று கேட்டார்.

அண்ணன் வரவில்லை. ஆனால் அவன் இருந்தான், கொண்டு போகப்பட்டான் என்பதற்கு அந்தக் கொப்பியில் ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டுதான் அந்தப் பாதர் அதிகாரிகளுக்கு முன்னால் போய் நின்றார். அவர் செய்தது அரசியல் இல்லை என்று நான் எப்படிச் சொல்ல? ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகிற அரசைப் பார்த்து "இந்தப் பிள்ளை எங்கே" என்று கேட்பதை விடப் பெரிய அரசியல் கேள்வி அந்த நாளில் இருக்கவில்லை.

அப்படிக் கேட்டவர்கள் சும்மா தப்பிக்கவும் இல்லை. மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்தவர் சந்திரா பெர்னாண்டோ அடிகளார். காணாமல் போனவர்களுக்காகவும் தடுத்து வைக்கப்பட்டவர்களுக்காகவும் படி ஏறி இறங்கியவர். 1988 ஜூன் 6ஆம் திகதி புளியந்தீவு மரியாள் தேவாலயத்தில் வைத்தே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு வருடம் கழித்து, 1990 ஓகஸ்ட் 15, இயேசு சபையைச் சேர்ந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமல் போனார். கூட வந்த தமிழ் இளைஞரும் போய்விட்டார். அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்து, புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய மனிதர். நகரத்தின் சமாதானக் குழுவில் இருந்தவர். உடல் கூடக் கிடைக்கவில்லை. மிக்கேலில் படித்த பழைய மாணவர்கள் ஐம்பது அறுபது வயதிலும் அவரைப் பற்றிப் பேசினால் குரல் உடைந்து போவதைக் கண்டிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் ஏன் அவர்கள் மட்டும் பேசினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எம்.பி.மார் கொழும்பில் இருந்தார்கள். அரசாங்க உத்தியோகத்தர் வாய் திறந்தால் வேலை போகும், உயிரும் போகும். ஆயுதம் வைத்திருந்தவர்களோ தங்கள் பக்கத்துச் சாவை மட்டுமே எண்ணினார்கள். அங்கி போட்டவரைச் சுட ஒரு கணமாவது யோசிப்பார்கள் என்ற நம்பிக்கை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அந்த ஒரு கணத்தை வைத்துக்கொண்டுதான் அவர்கள் பேசினார்கள். அந்த அங்கிக்கு இருந்த மரியாதை அவர்கள் தனியாகச் சம்பாதித்தது இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சனம் கும்பிட்டுக் கொடுத்தது. அதை அவர்கள் சனத்துக்கே திருப்பிச் செலவழித்தார்கள். ஊர்க் கோயில் ஒலிபெருக்கியில் விருப்பு இலக்கம் சொன்னவர் எடுத்துச் செலவழித்ததும் அதே மரியாதையைத்தான். யாருக்காக என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

"கோயிலுக்குள் அரசியலைக் கொண்டு வராதீர்கள்" என்று சொல்பவர்களுக்கும் ஒன்று நினைவுபடுத்த வேண்டும். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலி. அதே மரியாள் தேவாலயம். ஆயர் கிங்ஸ்லி சுவாம்பிள்ளை பலிபீடத்தில் நிற்கிறார். நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்பிய ஜோசப் பரராஜசிங்கம் எம்.பி.யை அந்தக் கூட்டத்துக்குள் வைத்தே சுட்டார்கள். வழக்கு இழுபட்டு, 2021இல் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். 1990 ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களுக்குள் இஷாத் தொழுகையில் நின்றவர்களை முதுகில் சுட்டார்கள். நூற்றுக்கு மேல் மௌத்து, சிறுவர்களும் அதில் அடக்கம். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து முப்பது பேரளவில் செத்தார்கள், பதினான்கு பேர் குழந்தைகள். ஞாயிறு பாடசாலை முடித்து வந்த பிள்ளைகள். இந்த மாவட்டத்தில் அரசியல் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு வழிபாட்டு இடத்துக்குள் வரவில்லை. வந்த பிறகு, உள்ளே இருப்பவர் மட்டும் பேசாமல் இருக்க வேண்டும் என்றால் என்ன நியாயம்?

இன்னொன்று. "மதத் தலைவர்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். எங்கள் பக்கத்தில் அது நாலு விதமான ஆள். பாதருக்குப் பின்னால் ஆயர் இருக்கிறார், ஆயருக்குப் பின்னால் உலகம் முழுக்க ஒரு திருச்சபை இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் கோபித்தால் வேறு பங்குக்கு மாற்றுவார்கள், சாப்பாடு போகாது. மௌலவி பெரும்பாலும் பள்ளிவாசல் நிர்வாகத்தின் கீழ் இருப்பவர். மிம்பரில் நின்று சொன்ன குத்பா நிர்வாகத்துக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த ஜும்ஆவுக்கு வேறு ஆள் வரலாம். பிக்குவின் நிலை வேறு. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. காவி உடைக்கு முன்னால் பொலிஸ்காரரின் கை தயங்கும்.

எங்கள் ஐயர்தான் பாவம். மட்டக்களப்புக் கோயில்களில் அதிகாரம் குடிகள் என்ற தாய்வழிக் குலங்களின் கையில், கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் கையில். ஐயர் பூசைக்கு வந்தவர். கண்ணகி அம்மன் கோயில்களில் பூசாரியான கப்புகனாருக்குச் சடங்கு நாட்களில் இருக்கிற மரியாதை வேறு, ஊர் விஷயத்தில் இருக்கிற சொல் வேறு. மாதக் காசுக்கு இருக்கிற ஒரு குருக்கள் காணிப் பிரச்சினை பற்றிப் பேசினால் அடுத்த திருவிழாவுக்கு அவர் இருப்பாரா என்பதே கேள்வி. ஆகவே "இந்து மதத் தலைவர்கள் ஏன் பேசுவதில்லை" என்று கேட்பவர்கள் ஐயரைப் பார்த்துக் கேட்பதில் பயனில்லை. வண்ணக்கர்மாரைப் பார்த்துக் கேட்க வேண்டும். உங்கள் ஊரில் ஒலிபெருக்கியைப் பிடித்தவரும் ஐயராக இருந்திருக்க மாட்டார். பரிபாலன சபையில் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

அவர் ஏன் சொன்னார் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோயில் மண்டபத்துக்குக் கூரைத் தகரம் வேண்டும், மதிலுக்குச் சீமெந்து வேண்டும், கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாயிற்று. எம்.பி.யின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் இருந்து ஒரு தொகை வருகிறது. மதிலில் பெயர்க்கல் வைக்கிறார்கள். தேர்தல் வரும்போது அந்தக் கல் பேசத் தொடங்குகிறது. கோயிலுக்கு மட்டும் இல்லை, பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் விகாரைக்கும் இதுதான் நடைமுறை. நான் இருந்த குழுவில் ஒரு முறை இதைப் பேச எடுத்தோம். மேசையைச் சுற்றி நாலு சமயத்தாரும் இருந்தார்கள். ஒருவர் பிளேன்டீயைப் பார்த்தார், இன்னொருவர் கைபேசியைப் பார்த்தார். ஒரு வயதான மௌலவி மட்டும், "நாங்க எல்லாரும் சீமெந்துப் பேக் வாங்கித்தான் இருக்கம்" என்றார். பிறகு கூட்டம் வேறு விஷயத்துக்குப் போய்விட்டது. அந்த ஒரு வரியைக் குறிப்பில் எழுதினேன். அடுத்த கூட்டத்தில் அதை வெட்டச் சொன்னார்கள்.

சட்டமும் இதைப் பார்த்திருக்கிறது. 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல் சட்டத்தில், ஆன்மீகக் கேடு வரும் என்று பயம் காட்டி ஒருவரின் வாக்கை மாற்றுவது தகாத செல்வாக்கு என்ற குற்றத்துக்குள் வரும். "எங்கட ஆளுக்குப் போடாவிட்டால் அம்மன் பார்த்துக்கொள்வாள்" என்று சொல்வதும் அதுதான். கத்தோலிக்கத் திருச்சபையும் தன் குருமாருக்குக் கோடு போட்டிருக்கிறது. அரசாங்க அதிகாரம் உள்ள பதவி எடுக்கக் கூடாது, கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். ஆனால் நீதியும் சமாதானமும் வளர உழைக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் எனக்குத் தெளிவு கிடைக்கிறது: அநியாயத்தின் பெயரைச் சொல்லலாம், வேட்பாளரின் பெயரைச் சொல்லக் கூடாது.

சாய்ந்தமருதில் நடந்ததை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். தங்களுக்குத் தனி உள்ளூராட்சி சபை வேண்டும் என்ற கோரிக்கையைப் பெரிய பள்ளிவாசல் முன்னெடுத்தது. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பள்ளிவாசலின் ஆதரவோடு ஒரு சுயேச்சைக் குழு இறங்கி அந்த ஊரில் பெரிய வெற்றி எடுத்தது. பெரிய கட்சிகள் ஆடிப் போயின. கோரிக்கை நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஓர் ஊர் தன் குப்பையையும் தெருவிளக்கையும் தானே பார்க்க ஆசைப்படுவதில் என்ன பிழை? ஆனால் பள்ளிவாசலே ஓர் அணிக்குப் பின்னால் நிற்கும்போது, அந்த அணிக்கு வாக்குப் போடாத மனிதன் சுபஹுக்கு எந்த முகத்தோடு அந்த வாசலை மிதிப்பான்? கட்சி அலுவலகத்தோடு கோபம் வந்தால் ஒருவர் வேறு கட்சிக்குப் போகலாம். பள்ளிவாசலோடு, கோயிலோடு கோபம் வந்தால் அவருடைய மையத்துக்கும் பிரேதத்துக்கும் யார் வருவது என்ற கேள்வி வந்துவிடும். அதனால்தான் கோரிக்கை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வாக்குச்சீட்டு வரைக்கும் வழிபாட்டு இடம் போகக் கூடாது என்கிறேன்.

சரி, அநியாயத்தைப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எல்லாப் பேச்சும் ஒன்றில்லை. நான் பார்க்கிற அளவுகோல் ஒன்றுதான். அநியாயம் செய்தவர் தன் ஆளாகவும், பட்டவர் மற்றச் சமூகமாகவும் இருக்கும்போது அவர் பேசினாரா?

இந்த அளவுகோலில் நாங்கள் எல்லோரும் தோற்றிருக்கிறோம். அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதவர்களைக் கொன்றவர்கள் எங்கள் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள். அந்த இரவு வெடிச் சத்தம் எங்கள் ஊருக்குக் கேட்டது. அடுத்த வெள்ளி எங்கள் கோயிலில் பூசை நடந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் விடிவதற்குள் ஆள் இருந்திருக்க மாட்டார், அது உண்மை. ஆனால் பிறகு பயம் போன காலத்திலும் பேசவில்லையே? 2009இல் போர் முடிந்த பிறகு யார் தடுத்தார்? பக்கத்து ஊரில் ஒவ்வொரு ஓகஸ்டிலும் நினைவுகூருகிறார்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குருக்கள், ஒரு வண்ணக்கர் போய் அந்தப் பள்ளிவாசல் சுவரில் இருக்கிற ஓட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தார் என்று என் காதில் விழ எத்தனை வருடம் எடுத்தது. அதே 1990 செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் நூற்று எண்பதுக்கு மேற்பட்ட தமிழ்ச் சனத்தைக் கொண்டு போய்க் கொன்றார்கள், கைக்குழந்தைகளும் இருந்தன. அந்த நினைவுத் தூபிக்கு வந்த மௌலவிமாரை எண்ணினாலும் கை விரல் போதும். ஒருவர் வந்தார். என் நண்பர். "நான் வந்தது என்ட ஊர்ல நிறையப் பேருக்குப் பிடிக்கல்ல" என்றார். நின்று துஆக் கேட்டுவிட்டுப் போனார். அவர் மைக் முன்னால் ஒன்றும் பேசவில்லை. அங்கே நின்ற தாய்மாருக்கு அவர் பேசியது கேட்டது.

தோற்காத நேரமும் உண்டு. 2020இல் கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்தார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தது. பிறந்து இருபது நாள் ஆன குழந்தையைக் கூட எரித்தார்கள். ஒரு முஸ்லிம் தகப்பனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று என் மனைவி பல நாள் சொல்லிச் சொல்லி ஆறவில்லை. 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரைக்கும் நடை தொடங்கியது. நீதிமன்றத் தடை, மழை, வழியில் ஆணி. முன்னால் நின்று நடத்தியவர்களில் வேலன் சுவாமிகளும் லியோ அடிகளாரும் இருந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டோர், காணி, அரசியல் கைதிகள், மலையகத்தாரின் ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் என்ற கோரிக்கைகளோடு முஸ்லிம் ஜனாஸாக்களை எரிப்பதை நிறுத்து என்பதும் பதாகையில் இருந்தது. அக்கரைப்பற்று, கல்முனை, காத்தான்குடி என்று வரும்போது முஸ்லிம் சகோதரர்கள் வந்து சேர்ந்தார்கள். காவி கட்டிய சைவச் சாமியாரும் வெள்ளை அங்கி போட்ட பாதரும் இன்னொரு சமயத்தவரின் மையத்துக்காக ரோட்டில் நடந்ததை நான் என் கண்ணால் கண்டேன். அந்த மாதக் கடைசியில் அரசாங்கம் அடக்க அனுமதித்து வர்த்தமானி போட்டது. மார்ச் 5இல் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்களை அடக்கினார்கள். நடையால் மட்டும்தான் அது நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையும் இருந்தது, முஸ்லிம் நாடுகளின் அழுத்தமும் இருந்தது. ஆனால் யார் யாருக்காக நடந்தார்கள் என்பதைக் காத்தான்குடியில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இதற்குப் பக்கத்தில் கல்முனையை வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ் வாசகர்கள் சிலருக்கு இது பிடிக்காது, ஆனாலும் எழுதுகிறேன். 2019 ஜூன் 17இல் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரம் உயர்த்தக் கேட்டு, அங்குள்ள விகாரையின் பிக்குவும் இந்துக் குருக்கள் ஒருவரும் மாநகர சபை உறுப்பினர்களும் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்தச் செயலகம் தமிழ் மக்களுக்கு எவ்வளவு தேவை என்பது ஒரு பிறப்புச் சான்றிதழுக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் நேரத்தைப் பாருங்கள். உயிர்த்த ஞாயிறு முடிந்து இரண்டு மாதம் கூட இல்லை. அதே மாதத் தொடக்கத்தில் பிக்கு எம்.பி.யான அத்துரலிய ரத்தன தேரர் கண்டியில் உண்ணாவிரதம் இருந்து, முஸ்லிம் ஆளுநர்கள் பதவி விலகி, முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் ஒரே நாளில் விலகியிருந்தார்கள். ஒரு சமூகம் முழுக்கச் சந்தேகத்தில் குனிந்து நின்ற நேரம். சில நாளில் பொது பல சேனாவின் ஞானசார தேரர் கல்முனைக்கு வந்தார், எங்கள் சனத்தில் சிலர் கைதட்டினார்கள். முஸ்லிம்கள் எதிர்ப் போராட்டம் இருந்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசல் இருக்கிறது. உண்ணாவிரதப் பந்தலுக்குப் போகும் முன் அந்தக் குருக்களும் பிக்குவும் பள்ளிவாசலுக்குள் போய், "இதைப் பேசித் தீர்ப்போம், நாங்கள் உங்களுக்கு எதிராக இருக்கவில்லை" என்று சொல்லி வெளியே வந்திருந்தால், கோரிக்கைக்கு என்ன குறைந்திருக்கும்? பிரதேச செயலகத்தின் எல்லை கிராம சேவையாளர் பிரிவுகளைக் கணக்குப் பார்த்துத் தீர்க்க வேண்டிய விஷயம். அதைச் சமயத்துக்குச் சமயம் என்று நிறுத்திய பிறகு அது ஓர் அங்குலமும் சுலபமாகவில்லை.

மோசமான பேச்சு எப்படி இருக்கும் என்பதற்கு இந்த நாட்டில் உதாரணம் தேடத் தேவையில்லை. 1957இல் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம், அடுத்த ஏப்ரலில் பிக்குமார் பிரதமரின் வீட்டு வாசலில் வந்து இருந்ததால் கிழிந்தது. அடுத்த வருடம் அந்தப் பிரதமரையே ஒரு பிக்கு சுட்டார். 2004இல் பிக்குமார் தாங்களே கட்சியாக வந்து ஒன்பது பேர் பாராளுமன்றம் போனார்கள். 2023 ஒக்டோபரில் மட்டக்களப்பு மங்களராமய விகாரையின் தலைமைப் பிக்கு, தெற்கில் உள்ள தமிழர்களைத் துண்டு துண்டாக வெட்டுவோம் என்று கத்திய வீடியோ எல்லோர் கைபேசியிலும் வந்தது. அது அரசியல் பேச்சே இல்லை. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், இன மத வெறுப்பைக் கிளப்பி வன்முறைக்குத் தூண்டுவதைக் குற்றம் என்கிறது. ஒரு சிறுகதை எழுதியவரை அதே சட்டத்தில் மாதக் கணக்கில் உள்ளே வைத்தார்கள். காவி உடை என்றால் பேனா தயங்குகிறது. மதத் தலைவருக்குப் பேச உரிமை கேட்கிற நாங்கள், சட்டம் அவருக்கும் சமமாகப் பொருந்த வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

நன்றாகப் பேசுவது எப்படி என்று கேட்டால் மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகையைச் சொல்வேன். 2011 ஜனவரியில், போரைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் போனார். சத்தம் போடவில்லை. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் கச்சேரிக் கணக்கின்படி 4,29,059 பேர். 2009 ஜூலை 10இல் அரச கட்டுப்பாட்டுக்கு வந்திருந்தவர்கள் ஐ.நா. கணக்கின்படி 2,82,380 பேர். மிச்சம் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது? இதுதான் அவர் கேட்டது. அரசாங்கத்தின் தாளை எடுத்து அரசாங்கத்திடமே கேட்டார். கண்டபடி ஏசியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பார்கள். அந்த இலக்கத்தை இன்றைக்கும் யாராலும் தாண்டிப் போக முடியவில்லை. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு பேராயர் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை முதலில் சனத்தை அமைதியாக இருக்கச் சொன்னார், பிறகு விடாமல் நீதி கேட்டு 2022இல் ஜெனீவா வரைக்கும் போனார். அதையும் மதிக்கிறேன். 2009இல் செத்த எங்கள் சனத்துக்கு இந்தக் குரல் இப்படி எழவில்லையே என்ற மனத்தாங்கல் வடக்கு கிழக்கில் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது.

பேசாமல் இருப்பதை ஒரு விரதமாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. இராமகிருஷ்ண மிஷன் துறவிகள் அரசியலில் இறங்குவதில்லை என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. காரைதீவில் 1892இல் பிறந்த எங்கள் விபுலானந்த அடிகளார் அந்த மிஷனின் துறவிதான். அவர் கல்லடியில் சிவானந்தா வித்தியாலயத்தை எழுப்பினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நாட்களில் மாலையானால் பக்கத்துத் திருவேட்களத்துச் சேரிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1930களின் சிதம்பரத்தில், சேரித் தெருவுக்குள் ஒரு பேராசிரியர், அதுவும் காவி கட்டியவர், போய்ச் சம்மணம் கொட்டி இருந்தால் அந்த ஊருக்கு அது என்ன சொல்லியிருக்கும்? கட்சி மேடை ஏறாமலே சொல்லிவிட்டார். ஆகவே பேசாத துறவியை நான் குறை சொல்வதில்லை. அவர் எந்தத் தெருவுக்குப் போகிறார் என்று பார்ப்பேன்.

அப்பா ஏசின விஷயத்துக்கு வருகிறேன். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் தலைமுறையாக மாடு வைத்திருந்த பண்ணையாளர்கள், வெளியிலிருந்து வந்து பயிர் செய்பவர்களால் விரட்டப்படுகிறார்கள். மாடுகளைச் சுடுகிறார்கள், வெட்டுகிறார்கள். 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் ரோட்டோரம் கொட்டகை போட்டு இருக்கத் தொடங்கினார்கள். அதற்கு முந்திய மாதம் நிலைமையைப் பார்க்கப் போன சர்வமதத் தலைவர்களையும் ஊடகவியலாளர்களையும் ஒரு கூட்டம் மணிக்கணக்காக மறித்து வைத்தது. மறித்தவர்களோடு ஒரு பிக்குவும் நின்றார். போனவர்கள் அங்கே யாருக்கும் வாக்குக் கேட்கவில்லை, பார்த்துவிட்டு வந்து சொல்லத்தான் போனார்கள். அப்பா காலையில் குடிக்கிற பால் தேநீருக்குப் பால் அந்தப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கும், தங்கை.

அப்பாவோடு வாக்குவாதப்பட வேண்டாம். அவர் வயதுக்காரர்கள் பேசியவர்கள் செத்ததைக் கண்டவர்கள், அந்தப் பயம்தான் ஏச்சாக வருகிறது. முடிந்தால் ஒருநாள் அவரைச் சித்தாண்டிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு பண்ணையாளரோடு பத்து நிமிடம் இருந்து, எத்தனை மாடு போனது, எந்த மாடு, என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று கேட்கட்டும். மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளை என்றால் மிச்சத்தை அவரே கேட்பார்.

கோயில் விஷயத்தில் உங்களால் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. திருச்சடங்குக்கு முன் வரும் பொதுக்கூட்டத்தில், கோயில் ஒலிபெருக்கியில் எந்தத் தேர்தலிலும் எந்த வேட்பாளரின் பெயரும் இலக்கமும் சொல்லப்படாது என்று ஒரு தீர்மானம் கொண்டு வரச் சொல்லுங்கள். பெண்கள் பேசுவதைச் சில சபைகள் விரும்பாது. அப்படியானால் அண்ணனோ மாமாவோ முன்மொழியட்டும், நீங்கள் எழுதிக் கொடுங்கள். வண்ணக்கர் சரி என்று தலையாட்டுவதோடு விட வேண்டாம். கூட்ட அறிக்கைக் கொப்பியில் எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வாங்குங்கள். எழுதினதை அந்தக் கூட்டத்திலேயே ஒருவர் திருப்பி வாசிக்கட்டும்.